பிறர் பணமும் நம் துணிவும்

மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்காவை நீங்கள் அறிவீர்கள். அதற்குப் பெயர் தந்த பெருமகனார் 1893-ஆம் ஆண்டில் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தயாரிக்கத் தொடங்கினார். எவரும் அறியாத அம்மருந்தைச் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாக வழங்கினார். துணிவான விளம்பரந்தான். ஆயினும் மருந்தும் அவருடையது, பணமும் அவருடையது. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

விளம்பரம் எழுதித் தருவதையே தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றோரின் நிலை வேறு. எண்ணம் எம்முடையது; தவறினால் போவது பிறர் பணம்.

இளமையில் ஒருநாள், தியாகராய நகர்ப் புடவைக் கடை முதலாளி ஒருவரிடம், முழுப்பக்க விளம்பரத்தில் ஒரே ஒரு புடவையை வரைந்து, மற்ற இடத்தை வெறுமையாக விடலாம் என்றேன். "தம்பி, அந்த வெற்றிடத்துக்கும் நான்தானே பணம் கட்ட வேண்டும்?" என்றார். புதுமை அறியாதவர் என்று மனத்துக்குள் அவரைக் கடிந்துகொண்டு திரும்பினேன்.

அமுல் வெண்ணெயின் கதை என் பிழையை எனக்கு உணர்த்தியது. குஜராத்தின் ஆனந்த் நகரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவாக வளர்ந்தது அமுல். 1966-இல் அதன் விளம்பரப் பொறுப்பை ஏற்ற சில்வெஸ்டர் டகுன்ஹா, ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸுடன் சேர்ந்து, புள்ளிச் சட்டை அணிந்த குறும்புக்காரச் சிறுமி ஒருத்தியைப் படைத்தார். நாட்டு நடப்பைக் கேலி செய்வது அவள் வேலையாயிற்று. செய்தி ஆறுமுன் விளம்பரப் பலகை எழ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் பெறக் காத்திருந்தால் வேடிக்கை பழசாகிவிடும். ஆகவே முன் அனுமதியின்றி வெளியிடும் உரிமையை அமுலை நடத்திய வர்கீஸ் குரியன் அவருக்கு அளித்தார். அச்சிறுமியும் எதைப் பேசினாலும், முடிவில் வெண்ணெய்க்கே வந்து சேர்ந்தாள். குரியன் 2012-லும் டகுன்ஹா 2023-லும் மறைந்தனர். சிறுமி இன்றும் பேசுகிறாள்.

நானோ, புடவைக் கடையில் யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்றுகூடப் பார்த்ததில்லை. மீண்டும் சென்று ஒரு வாரம் அங்கே அமர்ந்தேன். கல்யாணப் புடவை எடுக்க வந்தோர், குவியலைக் கண்டு மலைத்து நின்றனர். "முகப்புக் கண்ணாடிக்குள் ஒரே புடவையை வைத்துப் பார்ப்போம், தனிச் செலவு ஏதுமில்லை" என்றேன். முதலாளி இசைந்தார். நின்று பார்த்தவர்களைத் தாமே எண்ணினார். அடுத்த மாதம் முழுப்பக்கத்துக்கும் பணம் கட்டினார், வெற்றிடத்துக்கும் சேர்த்துத்தான்!

மாணவ நண்பர்களே, புதிய எண்ணத்தை எவரிடமேனும் கொண்டு செல்லுமுன், அவர் அஞ்சும் இழப்பை உங்கள் இழப்பாக எண்ணிப் பாருங்கள். நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.