தள்ளுபடியும் கூப்பனும்: வீட்டுச் செலவில் மிச்சம் பிடிப்பது எப்படி?

(ரமலானுக்கு முன் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்பான தாய்மார்களே, சகோதரிகளே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் சகோதரர்களே!

அல்ஹம்துலில்லாஹ், இன்னொரு ரமலானை நெருங்கிவிட்டோம். மளிகைச் செலவும் துணிச் செலவும் சேர்ந்து வந்து நிற்கிற மாதம் இது. ஜகாத், ஃபித்ரா கடமைகளும் இதே மாதத்தில்தான். கடைக்காரர்களும் இதே மாதத்தில்தான் "ரமலான் ஆஃபர்" என்று பலகை வைக்கிறார்கள். நம் கைப்பேசியில் நாளுக்கு நாலு கூப்பன் வந்து விழுகிறது.

பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். பைத்துல் மாலில் கைமாற்று கேட்டு வருகிறவர்கள் பலர் பெருநாள் செலவுக்காகக் குழுக் கடன் வாங்கியவர்கள். வாரத் தவணை கட்ட முடியாமல் வருகிறார்கள். தள்ளுபடியில் வாங்கிய துணி பீரோவில் இருக்கிறது. அதற்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அந்தத் தள்ளுபடியால் மிச்சமானது என்ன?

இன்று நான் பேசப்போவது அதைப் பற்றித்தான். தள்ளுபடி தவறல்ல. கூப்பனும் தவறல்ல. கணக்குப் பார்த்து வாங்கினால் அவை நமக்கு நன்மை. கணக்குப் பார்க்காவிட்டால் கடைக்காரருக்கு மட்டும் நன்மை. வீண் விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது, இரண்டுக்கும் நடுவில் செலவு செய்யுங்கள் என்றுதான் மார்க்கம் நமக்குச் சொல்கிறது. அந்த நடுவழிக்கு ஒரு பேப்பரும் பேனாவும் வேண்டும்.

முதலில் பட்டியல், பிறகு கூப்பன்

ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மாத மளிகைக்குத் தேவை 2,300 ரூபாய். செயலியில் ஒரு கூப்பன் வருகிறது: 3,000 ரூபாய்க்கு வாங்கினால் 300 ரூபாய் தள்ளுபடி. உடனே 700 ரூபாய்க்கு சிப்ஸ், ஜூஸ், ஐஸ்கிரீம் சேர்க்கிறோம். கட்டுவது 2,700 ரூபாய். "நீங்கள் 300 ரூபாய் மிச்சப்படுத்தினீர்கள்" என்று பச்சை எழுத்தில் வரும். உண்மையில் நாம் 400 ரூபாய் அதிகமாகச் செலவு செய்திருக்கிறோம்.

அதே கூப்பனை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். அந்த 700 ரூபாய்க்கு அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகிற எண்ணெய், பருப்பு, சோப்பு ஆகியவற்றை வாங்கினால் 300 ரூபாயும் முழு மிச்சம். அதனால் வீட்டில் இரண்டு பட்டியல் வையுங்கள். ஒன்று இந்த மாதத்துக்கு. மற்றொன்று கெட்டுப்போகாத பொருள்களுக்கு, அடுத்த மாதத்துக்கு. இரண்டிலும் இல்லாத பொருளுக்கு எந்தக் கூப்பனும் வேண்டாம்.

விளம்பரத்தின் கணக்கு

சில கணக்குகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்" என்றால் 70 சதவீதம் அல்ல. 1,000 ரூபாய்ப் பொருள் முதலில் 500 ஆகிறது. அந்த 500இல் 20 சதவீதம் போனால் 400. ஆகத் தள்ளுபடி 60 சதவீதம்தான்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அதுவும் மூன்றும் தேவைப்பட்டால்தான். சாப்பிடும் பொருளாக இருந்தால் மூன்றிலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி நெருங்கிய சரக்கைத் தள்ளிவிடுவதற்காகவும் இப்படி விற்பார்கள்.

"60 சதவீதம் வரை" என்று போட்டிருந்தால், "வரை" என்ற சின்ன எழுத்தைப் படியுங்கள். கடையில் ஒரு மூலையில் நாலு பொருளுக்கு 60 சதவீதம் இருக்கும். நாம் எடுக்கும் பொருளுக்குப் பத்து இருக்கும்.

"20 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 75 ரூபாய்" என்ற கூப்பனுக்கு 375 ரூபாய் பில்தான் சரியான அளவு. 1,000 ரூபாய்க்கு வாங்கினாலும் குறைவது அதே 75 ரூபாய்தான்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம். அதுவே நியாயமான விலை என்று பொருள் இல்லை. எம்.ஆர்.பி.யைக் கூட்டி அச்சிட்டுவிட்டு அதன் மேல் பாதி விலை என்று கோடு போடுவது எளிது. ஆகவே "எத்தனை சதவீதம் குறைவு?" என்று கேட்காதீர்கள். "நம் தெருக் கடையில் இது என்ன விலை?" என்று கேளுங்கள்.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் சரியல்ல. அரை கிலோ 70 ரூபாய், ஒரு கிலோ 150 ரூபாய் என்றால் சின்ன பாக்கெட் இரண்டு வாங்குவதே லாபம். இப்போது பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்றும் அச்சிடுகிறார்கள். அதைப் படிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். எடையையும் பாருங்கள். விலையை ஏற்றாமல் கிராமைக் குறைக்கும் வழக்கம் பிஸ்கட்டிலும் சோப்பிலும் நிறைய உண்டு.

செயலியில் வாங்கும்போது கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள். கூப்பனில் 100 ரூபாய் குறையும். டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம் என்று 60 ரூபாய் ஏறும். "இன்னும் ஐந்து நிமிடம்தான்" என்று கடிகாரம் ஓட விடுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, மறைத்து வைத்த கட்டணத்தைக் கடைசியில் காட்டுவது ஆகியவற்றையெல்லாம் தவறான வணிக முறைகள் என்று 2023ஆம் ஆண்டிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளில் தடுத்திருக்கிறது. ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கூப்பன் இல்லாமலே கிடைக்கும் மிச்சம்

பெரிய மிச்சம் பல நேரங்களில் விளம்பரம் செய்யாத இடத்தில் இருக்கிறது.

ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்தக் கூப்பனும் இதற்கு ஈடாகாது. "வரிசையில் யார் நிற்பது?" என்று விட்டுவிடாதீர்கள்.

தினமும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், முதல்வர் மருந்தகத்திலும் மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள். கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். வேறு கடையில் 10 சதவீதம், 15 சதவீதம் என்று கிடைக்கும் தள்ளுபடியை விட இங்கே மிச்சம் மிக அதிகம். அதுவும் மாதா மாதம்.

அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலை முதல், 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயரிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. அதனால் ஐந்து கிலோ, பத்து கிலோ பாக்கெட்டாக வாங்குவதை விட, இரண்டு வீடு சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்வது லாபம். காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது.

துணிக்கு வருவோம். ஆடித் தள்ளுபடியிலும், தீபாவளிக் காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் தரும் 30 சதவீதத் தள்ளுபடியிலும் கைலி, சேலை, போர்வை, படுக்கை விரிப்பு வாங்கி வைக்கலாம். பெரியவர்களின் அளவு மாறாது. பிள்ளைகள் வளர்வார்கள், அவர்கள் துணியை மட்டும் பெருநாளுக்கு முன் வாங்குங்கள். அதையும் கடைசிப் பத்தில் வேண்டாம். இபாதத்துக்குரிய அந்த இரவுகளைக் கடைவீதியில் கழிப்பதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. பேரீச்சம்பழம், கடல்பாசி, கஞ்சிக்கான பாசிப்பருப்பு எல்லாவற்றையும் ஷஅபானிலேயே வாங்கிவிடுங்கள்.

எது கூடும், எது கூடாது?

முஸ்லிம்களாகிய நமக்கு விலையோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது.

முதலாவது வட்டி. "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்ற பெயரில் குளிர்சாதனப் பெட்டி, கைப்பேசி விற்கிறார்கள். பெயரைப் பார்த்து வட்டி இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: வங்கி நம் பெயரில் வட்டிக் கடன் எழுதுகிறது. அந்த வட்டித் தொகையைக் கடைக்காரர் விலையில் முன்கூட்டியே கழித்துக் காட்டுகிறார். மாதக் கணக்கு வரும்போது அதில் வட்டி என்றே இருக்கும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நாம்தான் கட்டுகிறோம். பல இடங்களில் செயலாக்கக் கட்டணமும் உண்டு. ஒரு தவணை தவறினால் அபராதம். ரொக்கத்துக்குக் கேட்டால் அதே கடையில் விலை குறைத்துத் தருவார்கள். கடன் அட்டைச் சலுகைகளைப் பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் உள்ள சலுகைகளே நமக்குப் போதும்.

இரண்டாவது சூது. பரிசுக் கூப்பனில் கார் விழும் என்பதற்காகவே தேவையில்லாத பொருளை வாங்குவது, கூப்பனுக்குத் தனியாகப் பணம் கட்டுவது ஆகியவற்றிலிருந்து விலகியே இருங்கள். தேவைக்கு வாங்கிய பொருளோடு விலையேற்றம் இல்லாமல் கூப்பன் தந்தால் அதன் சட்டம் என்ன என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பொய். புதிய வாடிக்கையாளருக்கு 150 ரூபாய்த் தள்ளுபடி என்றால், வாப்பா சிம், உம்மா சிம், பாட்டி சிம் என்று மாற்றி மாற்றிப் புதுக் கணக்குத் தொடங்குவது நம் பிள்ளைகளிடம் ஒரு திறமையாகப் பேசப்படுகிறது. பெருநாள் அன்று துணியை உடுத்திவிட்டு, மறுநாள் "அளவு சரியில்லை" என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தி நாம் அறிந்ததுதான். ஏமாற்று விற்பவரிடம் இருந்தாலும் வாங்குபவரிடம் இருந்தாலும் ஏமாற்றுதான். 150 ரூபாய்க்காகப் பிள்ளைக்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்தால் அது மலிவான பேரம் அல்ல.

நான்காவது, சிறு வியாபாரி. மாலில் போட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, வாசலில் கீரை விற்கிற பாட்டியிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். விற்கும்போதும் வாங்கும்போதும் தாராளமாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள். மிச்சம் பிடிப்பது நம் வீட்டு விரயத்தைக் குறைப்பதாக இருக்க வேண்டும். இன்னொருவரின் ரிஸ்கைக் குறைப்பதாக இருக்கக் கூடாது.

போலிக் கூப்பன்கள்

ரமலான் பரிசு, இலவச ரீசார்ஜ், பிரபல கடையின் ஆண்டு விழாக் கூப்பன் என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள், பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். ஒன்றை உறுதியாக நினைவில் வையுங்கள்: பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. பின் எண் கேட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகிறது. பரிசு விழுந்திருக்கிறது, வரி கட்டுங்கள் என்று தபாலில் வரும் கீறல் அட்டையும் மோசடியே. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

மிச்சமான பணம் எங்கே?

கடைசியாக ஒன்று. கூப்பனில் 300 ரூபாய் குறைந்தது என்றால் அந்த 300 ரூபாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு செலவில் கரைந்துவிடும். வீட்டில் ஒரு டப்பா வையுங்கள். தள்ளுபடியில் குறைந்த தொகையை அன்றே அதில் போடுங்கள். கடன் இருக்கும் வீட்டில் அது முதலில் கடனுக்குப் போகட்டும். கடன் இல்லாத வீட்டில் பிள்ளைகளின் ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கும், கொஞ்சம் ஸதகாவுக்கும் போகட்டும்.

இஃப்தார் விரிப்பையும் சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசலில் இருந்து தூக்கில் கஞ்சி வருகிறது. அதற்கு மேல் வடை, சமோசா, கட்லெட், சர்பத், பழம் என்று ஆறு வகை வைத்து, மஃரிபுக்குப் பிறகு பாதியைக் கொட்டுகிறோம். கொட்டிய உணவுக்கு எந்தக் கடையும் தள்ளுபடி தராது.

இந்த வாரமே ஒவ்வொரு தெருவிலும் நாலு வீட்டுப் பெண்கள் கூடிப் பேசுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பேரீச்சம்பழம் மொத்தமாக எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். மொத்தக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். கணக்கை ஒருவர் எழுதட்டும், மற்றவர் சரிபார்க்கட்டும். பக்கத்தில் வசதியில்லாத வீடு இருந்தால் அந்த வீட்டுப் பங்கையும் சேர்த்தே வாங்குங்கள். நாலு வீடு விட்டுக்கொடுக்கும் மிச்சத்தில் ஐந்தாவது வீட்டின் ஸஹர் நடந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

இந்தப் பெருநாளுக்குப் பிறகு நம் மஹல்லாவில் எந்தத் தாயும் தவணைக்காரரின் சத்தத்துக்குப் பயந்து கதவைச் சாத்தும் நிலை வரக் கூடாது. வல்ல ரஹ்மான் நம் அனைவரின் ரிஸ்கிலும் பரக்கத் செய்து, வட்டியை விட்டும் வீண் விரயத்தை விட்டும் நம்மைப் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.