கண்ணுக்கு லேசர்: யாருக்கு, எதற்கு?



சுங்கை சிப்புட் பக்கத்தில் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இன்று செம்பனையாகிவிட்ட ஓரிடத்தில் நம் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். ஐந்தாம் வகுப்பிலேயே தடித்த கண்ணாடி போட்டவள். இப்போது வேலைக்குப் போகிறாள். சில ஆயிரம் ரிங்கிட் சேர்த்து, லேசர் சிகிச்சை செய்து, கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. யோசனை கேட்கத் தகப்பனாரோடு நம் வீட்டுக்கு வந்தாள். தகப்பனார் முப்பது வருஷம் மரம் சீவியவர். அவர் சொன்னார்: “முதல்ல பிள்ளை செஞ்சுக்கட்டும் சார். எனக்கும் இனிப்புநீர்ல கண்ணு மங்குது. அடுத்த வருஷம் நானும் அதே லேசர் அடிச்சுக்கிறேன்.”

மகளின் ஆசையைவிடத் தகப்பனாரின் இந்தப் பேச்சுதான் நமக்குப் பயத்தைக் கொடுத்தது. லேசர் என்பது ஒரு சிகிச்சையின் பெயரன்று. அது ஒருவகை ஒளி, ஒரு கருவி. மரம் சீவுவதும் கத்திதான், மீன் நறுக்குவதும் கத்திதான். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யுமா?

மகள் கேட்டதை முதலில் பார்ப்போம். கருவிழிக்கு முன்னால், கைக்கடிகாரக் கண்ணாடிபோல் ஒரு தெளிந்த படலம் உண்டு. கார்னியா என்பார்கள். நடுவில் அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதன் வளைவை மாற்றினால் ஒளி விழும் இடம் மாறும். கண்ணாடி செய்த வேலையைக் கண்ணே செய்துகொள்ளும். இதற்கு உதவும் எக்சைமர் லேசரின் கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, தம் சகாக்களோடு இந்த லேசரை அதன்மேல் செலுத்திப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல், வெட்டு மட்டும் சுத்தமாக விழுந்தது. 1983-இல் டிரோக்கல் என்ற கண் மருத்துவரும் அவரும் மாட்டுக் கண்களில் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்க அரசு இந்த லேசரை மனிதர் பார்வைக்கு அனுமதித்தது 1995-இல். விருந்தில் மிஞ்சியதை நாம் பூனைக்குப் போடுவோம். அவர் என்ன செய்தார் பாருங்கள்!

சிகிச்சை நடப்பது இப்படி. கண்ணில் சொட்டு மருந்து விட்டு மரத்துப்போகச் செய்வார்கள். ஊசி கிடையாது, மயக்கமும் கிடையாது. இமை மூடாதபடி ஒரு சிறு கம்பி வைப்பார்கள். பிறகு கார்னியாவின் மேற்புறத்தில் மெல்லிய ஓர் ஏடு வெட்டி, புத்தகத் தாளைப் புரட்டுவதுபோல் ஒதுக்குவார்கள். அப்போது கண் அழுத்தப்படும்; சில விநாடி பார்வை இருண்டுவிடும். முன்கூட்டித் தெரியாதவர்கள் இந்த இடத்தில்தான் பதறிப்போகிறார்கள். அடுத்து லேசர், பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முடி கருகுவதுபோல் ஒரு வாடை வரலாம். ஆனால் அது சுடுவதால் அன்று. ஏட்டைத் திரும்ப மூடினால் தையலின்றித் தானே ஒட்டிக்கொள்ளும். இதற்கு லாசிக் என்று பெயர். ஏடு வெட்டாமல் மேல்தோலை மட்டும் நீக்கிச் செய்யும் முறையும் உண்டு. அதில் சில நாள் வலி அதிகம், ஆறுவதும் மெதுவாக. ஆனால் சிலம்பம், கபடி என்று முகத்தில் அடிபடும் ஆட்டங்களில் இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இதையே சொல்வார்கள்.

ஆபத்து இல்லையா என்பீர்கள். பெரும்பாலோருக்கு நன்றாகவே முடிகிறது. ஆனாலும் சில மாதம் கண் வறண்டு உறுத்தலாம். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். அரிதாகக் கிருமி தொற்றலாம். பெரிய பயம் வேறு. மரம் சீவினவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பட்டையோடு கத்தி நிற்கவேண்டும். ஆழம் போனால் மரத்தில் காயம், கிராணியிடம் ஏச்சு. கார்னியாவும் அப்படித்தான். போதுமான கனம் மிஞ்சாவிட்டால் அது பின்னால் முன்தள்ளிக்கொண்டு, பார்வையையே கெடுத்துவிடும். ஆகவே முதல்நாள் எடுக்கும் அளவுகளில்தான் பாதுகாப்பு முழுவதும் இருக்கிறது. அளக்காமல் தேதி கொடுக்கும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், ஒரு வருஷமாவது பவர் நிலைக்காதவர்கள், கர்ப்பிணிகள், பால்கொடுக்கும் தாய்மார், இனிப்புநீர் கட்டுப்படாதவர்கள் இவர்களுக்கு இது இப்போதைக்கு இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் செய்துகொண்டாலும், பத்திரிகை படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும்.

தகப்பனாரின் கதை வேறு. இனிப்புநீர் கெடுப்பது கண்ணின் உள்ளே, பின்சுவரில் உள்ள விழித்திரையை. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும். பின்பு வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்து, ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். வலி தெரியாது. இதற்கும் லேசர் உண்டு, ஆனால் அது உண்மையிலேயே சுடும் லேசர். விழித்திரையில் புள்ளி புள்ளியாகச் சுட்டுக் கேட்டை நிறுத்துவார்கள். போன பார்வை அநேகமாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். ஆகவே அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இனிப்புநீர் உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், வருஷம் ஒருமுறை விழித்திரையைக் காட்டவேண்டும். பல கிளினிக் கெசிஹாத்தான்களில் அதைப் படமெடுக்கும் கருவி இருக்கிறது. கேடு தெரிந்தால் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

அந்த வாரமே அவரைக் கிளினிக்குக்கு அனுப்பினோம். அங்கிருந்து ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் கசிவு இருந்தது. சில தவணையாக லேசர் செய்தார்கள். மகளுக்கு வேறோரிடத்தில் அளவெடுத்தபோது கார்னியா மெலிவு, செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அன்று அழுததென்னவோ உண்மை. கண்மணியை விரிக்கும் மருந்து விட்ட நாளில் சில மணி நேரம் கண் கூசும். மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. அதனால் ஒவ்வொரு தவணைக்கும் அவளே லீவு போட்டு, பழைய கண்ணாடியோடு தகப்பனாரை ஈப்போ பஸ்ஸில் அழைத்துப் போய்வந்தாள்.