குறைவாயினும் நிலையாக: நடுவயதில் மிதிவண்டி

(மஹல்லா ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஆண்டுக்கொருமுறை நாம் கூடிப் பள்ளிவாசலின் வரவு செலவைப் பார்க்கிறோம். அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த மற்றோர் அமானத்தின் கணக்கையும் இன்று சற்றுப் பார்ப்போம். அது நம் உடல். நம் பள்ளியின் ஸஃப்புகளைக் கவனியுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் முதுமையடைந்தோர் சிலருக்கே நாற்காலி போடப்பட்டது. இன்று ஐம்பதைத் தாண்டாதவர்களும் ருகூஉ, ஸுஜூது செய்ய இயலாமல் நாற்காலியை நாடுகின்றனர். இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த நிலை வருமுன் காக்க வழியிருந்தும் நாம் வாளாவிருக்கலாமா என்பதே கேள்வி. பைத்துல்மாலுக்கு வரும் மனுக்களில் டயாலிசிஸ் செலவும், கால் புண்ணுக்கான மருத்துவச் செலவும் எத்தனை என்பதை நிர்வாகிகள் நன்கறிவார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. வாசலில் நிற்பவர்களுள் பலர் உணவையும் உழைப்பையும் சீர்செய்து திரும்பி வர இயலும். வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாளொன்றுக்கு அரைமணி நேரம் வீதம் ஐந்து நாட்கள். அவ்வளவே.

அந்த அரைமணி நேரத்திற்கு மிதிவண்டி மிகப் பொருத்தமானது. உடலின் எடையில் பெரும்பகுதியை இருக்கை தாங்குவதால், நடந்தால் முழங்கால் நோகிறது என்போரும் பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொள்வர். செலவும் குறைவு. பதினோராம் வகுப்பில் நம் பிள்ளைகளுக்கு அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி எத்தனை வீடுகளின் சந்தில் துருவேறி நிற்கிறது! சங்கிலிக்கு எண்ணெயிட்டு, டயரும் பிரேக்கும் சரிபார்த்தால் போதும். விலையுயர்ந்த வண்டியும் தனி உடுப்பும் வாங்கிய பிறகுதான் தொடங்குவேன் என்பது வீண்விரயத்தின் வாசல்.

பலரைத் தடுப்பது வெட்கம். “பைக் வைத்திருப்பவர் சைக்கிளில் போகிறாரே, தொழில் நொடித்துவிட்டதோ?” என்று கடைத்தெருவில் கேட்பார்களே என்ற அச்சம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கழுதையின் மீது பயணம் செய்தார்கள். முஆத் (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னால் அமர்த்திக்கொண்டார்கள். படைப்புகளில் சிறந்தவருக்கு அது இழுக்காகவில்லை. நமக்கு மிதிவண்டி இழுக்காகிவிடுமா?

இந்த வெட்கத்தை நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் 1990களின் தொடக்கத்திலேயே வென்று காட்டினார்கள். அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்கு ஊக்கமளித்தார். கற்றவர்களுள் நம் சமுதாயப் பெண்களும் இருந்தனர். கேலி பேசியவர்கள் ஓய்ந்தார்கள், ஓட்டியவர்கள் ஓட்டிக்கொண்டேயிருந்தார்கள். நீரிழிவு ஆண், பெண் பார்த்து வருவதில்லை. ஆகவே நம் இல்லத்துப் பெண்களுக்கும் பாதுகாப்பான நேரமும் பாதையும் அமைத்துக் கொடுப்பது குடும்பத் தலைவர்களின் கடமை.

தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலரே. முதல் நாள் பத்து மைல் ஓட்டி, மறுநாள் தொடைவலியில் படுத்து, மூன்றாம் நாள் வண்டியைச் சுவரில் சாய்த்து விடுவோரைக் காண்கிறோம். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியால் அறிகிறோம். அண்ணலார் (ஸல்) சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்குச் சிலவேளை நடந்தும், சிலவேளை வாகனத்திலும் சென்று வந்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதில் நாளும் குறிக்கப்பட்டிருந்தது, செல்லும் இடமும் குறிக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மருத்துவமும் இந்தத் தொடர்ச்சியையே வலியுறுத்துகிறது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அந்தப் பயன் ஏறத்தாழ ஒருநாள் முதல் இரண்டு நாள் வரை நீடித்துப் பின்னர் மறைந்துவிடும். எனவேதான் நீரிழிவு உள்ளோர் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் உடற்பயிற்சியை விட்டுவிடலாகாது என்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஓட்டுவதைவிட, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் ஓட்டுவது அவர்களுக்கு மேல்.

நிலைத்திருக்க நாம் கண்ட வழிகள் சில. முதலாவது நிய்யத். இபாதத்திற்குத் தெம்பு வேண்டும், குடும்பத்திற்குப் பாரமாகாதிருக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் புறப்பட்டால், எடை உடனே குறையவில்லையே என்ற சோர்வு வராது. இரண்டாவது, நேரத்தைத் தொழுகையுடன் பிணைப்பது. சுப்ஹு ஜமாஅத் முடிந்ததும் பள்ளியிலிருந்தே புறப்பட்டு விடுங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அன்றைய நாள் போயிற்று. மூன்றாவது, துணை. ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்றால் சோம்பல் விலகும். நான்காவது, காரியம். சந்தைக்குச் செல்வது, நோயாளியை நலம் விசாரிப்பது, உறவினரைக் காண்பது ஆகியவற்றை மிதிவண்டியில் செய்தால் உடலுக்கும் நன்மை, மறுமைக்கும் நன்மை. ஐந்தாவது, ஒருநாள் தவறினால் மறுநாள் இருமடங்கு ஓட்டி ஈடுகட்ட முற்படாதீர்கள். வழக்கமான அளவிலேயே மீண்டும் தொடங்குங்கள்.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். பிறகு வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும். ஆனால் நீட்டிக் கிராஅத் ஓத மூச்சு போதாது என்றிருந்தால் அதுவே மிதமான வேகம். பெடல் கீழே இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளும்படி இருக்கையை உயர்த்துங்கள். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். தாழ்ந்த இருக்கை முழங்கால் வலிக்கு ஒரு காரணம். நம் கடற்கரை ஊர்களில் காற்று வலுத்திருக்கும் நாட்களில் எதிர்காற்றில் புறப்பட்டு, பின்காற்றில் திரும்புங்கள். களைத்த நேரத்தில் காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

எச்சரிக்கையும் அவசியம். இதயநோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர் சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருங்கள். கை நடுக்கமும் வியர்வையும் கண்டால் இறங்கி உடனே உண்ணுங்கள். நெஞ்சு இறுகினால் நிறுத்திவிட்டு மருத்துவமனையை நாடுங்கள். நீரிழிவு உள்ளோர் ரப்பர் செருப்பைத் தவிர்த்து, பாதத்தை மூடும் காலணி அணிவது நலம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனரக வாகனங்கள் விரைவதால் ஊருக்குள் செல்லும் உட்சாலைகளையே தேர்ந்தெடுங்கள். இருள் பிரியுமுன் விளக்கும் பின்புறச் சிவப்பு ஒளிப்பானும் இன்றிப் புறப்பட வேண்டாம். ரமலானில் பகலில் வருத்திக்கொள்ளாமல், நோன்பு திறந்து சற்று இளைப்பாறிய பின் சிறிது நேரம் ஓட்டுங்கள்.

நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி வளாகத்தில் மிதிவண்டி நிறுத்த நிழலான இடமும், பொதுவில் ஒரு காற்றடிக்கும் பம்பும் வைத்துத் தாருங்கள். பெரிய செலவன்று. சுப்ஹுக்குப் பின் நால்வர் சேர்ந்து புறப்பட்டால், அடுத்த ஆண்டு நாற்பது பேர் ஆகலாம், இன்ஷா அல்லாஹ். வாரம் ஒருநாள் அந்தக் குழு மஹல்லாவின் நோயாளிகளைச் சந்தித்து வரட்டும்.

உடலுக்கும் நம்மீது உரிமையுண்டு என்று அண்ணலார் (ஸல்) கற்பித்துள்ளார்கள். பலமான முஃமினையும் பலவீனமான முஃமினையும் குறிப்பிட்டு, இருவரிடமும் நன்மையுண்டு என்று கூறிய பெருமானார் (ஸல்), பலமானவரே அல்லாஹ்வின் பிரியத்திற்கு மிக உரியவர் என்றும் உணர்த்தினார்கள். நம் நெற்றி தரையில் படும் ஸுஜூதை இறுதிவரை நிறைவேற்றும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.