விமானமோட்டியாக விரும்புவோர் செல்ல வேண்டிய வழி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் தேதி "எயார் சிலோன்" நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுப் பலாலி வழியாகச் சென்னைக்குச் சென்றது. அன்று தொட்டு விமானம் நமக்குப் புதுமையன்று. எனினும், "பிள்ளை என்ன படிக்கப் போகிறது?" என்று கேட்டால் வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று விடைகளே நம்மிடம் உண்டு. விமானமோட்டியாக வேண்டுமென்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டார் சிரித்துவிடுகின்றனர். அல்லது ஆராயாமற் காணியை ஈடு வைக்கின்றனர். இரண்டும் தகா. ஆதலால் வழியை ஒழுங்காக எடுத்துக் கூற விழைகின்றோம்.

முதற்படி வைத்தியப் பரிசோதனை. தொழில்முறை விமானமோட்டிக்கு முதலாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழ் இன்றியமையாதது. கண்ணாடி அணிபவர் ஆகாரென்பது தவறான எண்ணம். கண்ணாடியால் பார்வை வேண்டிய அளவுக்குத் திருந்தினாற் போதும். ஆனால், நிறங்களைப் பிரித்தறிய இயலாமை பெருந்தடையாகலாம். இப்பரிசோதனைக்கு முன் ஒரு சதமேனும் பயிற்சிப் பள்ளிக்குக் கட்டலாகாது.

இரண்டாவது படி கல்வி. அனுமதிப்பத்திரத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமன்று. உயர்தரத்திற் கணிதமும் பௌதிகமும் கற்றோருக்கு வான்வழியறிதல், வானிலை முதலிய பாடங்கள் எளிதாகும். ஆங்கிலமும் வேண்டும். சர்வதேச விதிப்படி ஆறு நிலைகளுள் நான்காவது நிலையையேனும் எய்த வேண்டும். மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு இது பெரிதன்று என எண்ணலாம். ஆனால் நூல் வாசிப்பது வேறு. வானொலியில் வரும் பணிப்பை இரைச்சலுக்கிடையே கேட்டு, உடனே பிழையின்றித் திருப்பிச் சொல்வது வேறு.

மூன்றாவது, அனுமதிப்பத்திரங்கள். சர்வதேசக் குறைந்தபட்ச விதிகளின்படி, 17 வயதில் தனியார் அனுமதிப்பத்திரம் பெறலாம். அதற்குப் பொதுவாக 40 மணித்தியாலப் பறப்பு வேண்டும். வர்த்தக அனுமதிப்பத்திரத்துக்கு வயது 18. பறப்பு 200 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட தொடர்பயிற்சியாயின் 150. இவற்றோடு, கருவிகளை மட்டுமே நோக்கிப் பறக்கும் தகுதியும் பல இயந்திர விமானத் தகுதியும் பெற வேண்டும். பின்னர் நிறுவனம் பயன்படுத்தும் விமான வகைக்கெனத் தனிப் பயிற்சியும் உண்டு. துணை விமானமோட்டியாகத் தொடங்கியவர், 21 வயதும் 1,500 மணித்தியாலமும் நிறைந்த பின்னரே உயர்ந்த அனுமதிப்பத்திரத்துக்கு உரியவராவார்.

இதிலே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வர்த்தக அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் வேலையும் வந்துவிடுமென்பதில்லை. இடையிற் காத்திருக்கும் காலத்துக்கும் செலவுண்டு.

செல்லும் பாதைகள் மூன்று. சொந்தச் செலவிற் பயில்வது ஒன்று. விமான நிறுவனம் ஆள் தெரிந்து பயிற்றும் காலத்தில் விண்ணப்பிப்பது மற்றொன்று. விமானப்படையிற் சேர்ந்து பயில்வது மூன்றாவது. அதில் பயிற்சிச் செலவு குறைவு, ஆயின் குறித்த காலம் சேவை செய்ய வேண்டும்.

சொந்தச் செலவிற் செல்வோர் பள்ளியிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அங்கீகாரம் உண்டா? பறக்கக்கூடிய நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன? முன்னைய மாணவர் எவ்வளவு காலத்தில் முடித்தனர்? இடையில் நின்றாற் பணம் திரும்புமா? முழுத் தொகையையும் முன்கூட்டிக் கேட்டால், தவணையாகச் செலுத்த இடந்தரும்படி வற்புறுத்துக.

2020ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது உலகெங்கும் விமானங்கள் நின்றன, அனுபவமிக்கோரும் வேலையிழந்தனர். ஆகையால் வேறொரு பட்டத்தையோ தொழிலையோ கைவசம் வைத்திருப்பது கோழைத்தனமன்று. இருக்கும் ஒரே வீட்டையும், தங்கையின் சீதனத்துக்கென வைத்த காணியையும் ஒருவனது பயிற்சிக்காக ஈடு வைப்பது நியாயமாகாது. அத்தங்கையே விமானமோட்டியாக விரும்பலாம். விதிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

பெரியோர்களே, பிள்ளை இவ்வாசையைச் சொல்லும்போது சிரியாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்; பின்னர் கணக்கைப் பிள்ளையுடன் இருந்து பாருங்கள். இளைஞர்களே, வீட்டாரிடம் பணம் கேட்குமுன் இவ்விவரங்களைத் திரட்டிக்கொண்டு செல்லுங்கள். நம் சங்க வாசிகசாலையில் இவற்றைத் தொகுத்து வைக்க ஆவன செய்யுமாறு தலைவர் அவர்களை வேண்டி, இத்துடன் அமர்கின்றோம்.