கோல்ஃப் மைதானத்தின் உறுப்புகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் கோல்ஃப் ஆடியபோது, விடியற்காலையிலேயே நாம் தொலைக்காட்சிமுன் அமர்ந்தோம். ஒரே ஓர் அடியில் பதக்கம் நழுவியது. நான்காம் இடமே கிட்டியது. வருந்தினோம். ஆனால், எவ்விடத்தில் என்ன நேர்ந்ததென்று பிள்ளைகள் வினவியபோது விடை கூற இயலாது விழித்தோம். அக்குறையை இன்று போக்கிக்கொள்ள விழைகின்றோம்.

குழியில் கோலிக்குண்டு உருட்டிய நமக்கு இவ்வாட்டத்தின் கருத்துப் புதிதன்று. பந்தை மட்டையால் அடித்துக் குழியில் வீழ்த்த வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். முழு மைதானத்தில் 18 குழிகள் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1764ஆம் ஆண்டு அமைந்த இவ்வெண்ணிக்கையே பின்னர் உலக வழக்காயிற்று. அனைத்தையும் சுற்றி வரும் நடை, அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தேறும் தொலைவை ஏறத்தாழ ஒக்கும். படிகள் மட்டும் இல்லை.

ஒவ்வொரு குழிக்கும் உரிய நிலத்தை ஐந்து உறுப்புகளாகக் காணலாம்.

முதலாவது டீ. இதுவே புறப்படும் நிலையம். சமமாக்கிய இவ்விடத்தில் மட்டுமே பந்தைச் சிறு முளையின்மீது வைத்து அடிக்கலாம்.

இரண்டாவது ஃபேர்வே. குழியை நோக்கிச் செல்லும், புல்லைக் கத்தரித்துச் செம்மையாக்கிய அகன்ற பாதை இது.

மூன்றாவது ரஃப். அப்பாதையின் இருமருங்கும் ஓங்கி வளரவிட்ட புல். மட்டைக்கும் பந்துக்கும் இடையே புல் சிக்குவதால் அடி பிசகும்.

நான்காவது இடர்கள். மணற்பள்ளத்திற்குப் பங்கர் என்று பெயர். அடிக்குமுன் மட்டையால் மணலைத் தொட்டுச் சோதித்தல் ஆகாது. குளத்தில் பந்து வீழ்ந்து, வெளியே வேறு பந்து வைத்து ஆடினால் ஓர் அடி தண்டம்.

ஐந்தாவது கிரீன். கம்பளம்போல் மிகக் குட்டையாக வெட்டிய புல்தரை. கொடி நட்ட குழி இங்கேதான் உள்ளது. அதன் விட்டம் நாலேகால் அங்குலம். காப்பி டபராவின் வாயளவே! தரையின் சரிவை அறிந்து பந்தை உருட்ட வேண்டும். பதக்கங்கள் பல கைகூடுவதும் நழுவுவதும் இங்கேதான்.

தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழிக்கு எடுக்கக்கூடிய அடிகளைப் 'பார்' என்பர். தொலைவுக்கேற்ப அது 3, 4 அல்லது 5 ஆகும்.

இவ்வாட்டத்தில் பெரும்பாலும் நடுவர் உடன் வருவதில்லை. பிறர் காணாத தவறுக்கும் ஆட்டக்காரரே தம் கணக்கில் தண்ட அடியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் கணக்கெழுதும் நமக்கு இதன் அருமை விளங்கும்.

'இது துரைமார் ஆட்டம். நமக்கு எட்டாது' என்பாரும் உளர். 1829இல் கல்கத்தாவிலும், 1876இல் பெங்களூரிலும் கோல்ஃப் சங்கம் கண்டோர் வெள்ளையர் என்பது மெய்யே. ஆயினும், பெங்களூரில் ஆட்டக்காரரின் பை சுமக்கும் கேடியாக இருந்த சி. முனியப்பா, 2009ஆம் ஆண்டு இந்திய ஓபன் பட்டத்தையே வென்றார். பிறர் பையைச் சுமந்து நடந்த நிலத்தைக் கண்ணால் கற்றவர் அவர்.

நம் பிள்ளைகளுக்கும் என்றேனும் வாய்ப்புக் கிட்டலாம். அன்று அவர்கள் வாயிலில் நின்று மருளாதிருக்க, உறுப்புகளின் பெயர்களையேனும் இன்றே அறிந்து வைப்போமாக.