நலிவை அளந்த செவிலியர்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிச் சோளக்காட்டில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் இதய நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியர். எனினும், நோயாளியின் அருகில் நிற்கும் செவிலியர் வினா எழுப்பினால் என்ன விளையும் என்பது கல்விக்குரிய செய்தியே.

நம் இல்லங்களில் அறுபது வயதுடைய ஒருவர் சந்தைக்கு நடந்து வர இயலாமல் திண்ணையிலேயே அமர்ந்துவிட்டால், வயதாகிவிட்டது என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். அவரும் வாய் திறப்பதில்லை. களைத்தேன் என்றால் அன்றைய கூலி போயிற்று என்று வாழ்ந்த தலைமுறை அது. அக்களைப்பின் பின்னால் இதயச் செயலிழப்பு மறைந்திருக்கக்கூடும். இதயம் நின்றுபோவது என்று இதற்குப் பொருளன்று. உடலுக்கு வேண்டிய குருதியைச் செலுத்த இதயத்திற்கு வலுப் போதாத நிலை அது. நடந்தால் மூச்சு வாங்கும், படுத்தால் மூச்சு முட்டித் தலையணையை உயர்த்த நேரும், கணுக்கால் வீங்கும்.

இது முதுமையின் நோய் மட்டுமன்று. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் முன்னின்று 2013ஆம் ஆண்டில் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்தனர். சராசரி வயது 61. அவர்களில் நூற்றுக்குப் பதினெண்மர் 90 நாட்களுக்குள் மாண்டனர்.

உடல் நலிவை அளப்பதற்கு அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவர்தம் குழுவினரும் 2001இல் ஐந்து அடையாளங்களை வகுத்தனர். தானே எடை குறைதல், களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், உடலுழைப்புக் குறைதல் ஆகியன அவை. மூன்று இருந்தால் நலிவு. நடையை அளக்கப் பதினைந்து அடி தூரமும் ஒரு கடிகாரமும் போதும்!

ஓரிகனைச் சேர்ந்த செவிலியர் ஆய்வாளர் குவின் டென்ஃபெல்டும் உடன் ஆய்வாளரும் 26 ஆய்வுகளைத் திரட்டி, 6,896 இதயச் செயலிழப்பு நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2017இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் நலிவுற்றிருந்தனர். அந்நலிவு வயதை ஒட்டியே அமைவதன்று என்பதே அவர்கள் கண்ட முடிவு. திண்ணையில் அமர்ந்தவரைப் பார்த்து நாம் சொல்லும் சொல் எவ்வளவு அவசரமானது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்நோயில் ஒரு வஞ்சகம் உண்டு. உடலில் நீர் கோத்துக்கொள்ளும்; அதே வேளையில் தசை கரையும். தராசு பழைய எடையையே காட்டும். ஆதலால் காலையில் எடை பார்ப்பதோடு, சட்டைக்குள் தோள் சுருங்கியதா, கையின் பிடி தளர்ந்ததா என்றும் பார்க்க வேண்டியுள்ளது. இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையன்று, நீர். மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். உப்பில் ஊறிய கருவாடும் ஊறுகாயும் அந்நீரைப் பெருக்கும். இம்மலையில் சாமையும் கேழ்வரகும் குறைந்து மரவள்ளி பெருகிற்று. மரவள்ளியில் தசை வளர்க்கும் புரதம் மிகச் சொற்பம். இதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

நலிவு மாற்ற இயலாததும் அன்று. அமெரிக்காவில் 60 வயது கடந்த 349 நோயாளிகளை வைத்து நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையிலேயே தொடங்கி, தசை வலு, சமநிலை, நடை ஆகியவற்றுக்கு அவரவர் நிலைக்கேற்பப் பயிற்சி அளித்தனர். மீண்டும் மருத்துவமனையில் சேர்வது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் எழுந்து நடமாடும் திறன் தெளிவாகக் கூடிற்று. பிறர் கை பிடிக்காமல் கொல்லைப்புறம் வரை சென்று வருவது எத்துணைப் பெரிய விடுதலை என்பதைப் படுத்த படுக்கையாய் இருந்தவரிடம் கேட்டால் தெரியும்.

ஃபிரைடு குழுவினர் உடலுழைப்பை அறியக் கேட்ட வினாக்களில் புல்வெளி வெட்டுதல், கோல்ஃப், டென்னிஸ் ஆகியன இருந்தன. சோளக்காட்டுப் பெரியவரிடம் டென்னிஸ் ஆடுவீரா என்று கேட்டால் அவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். விறகுச் சுமை தூக்குகிறீரா, மரவள்ளி பிடுங்குகிறீரா, மேட்டில் குடம் சுமந்து ஏறும்போது எத்தனை இடத்தில் நிற்கிறீர் என்று கேட்க வேண்டும். அவ்வினாவை யார் எழுதுவார்? சுமந்தவர் வீட்டுப் பிள்ளைதான் எழுத இயலும்.

கைப்பிடியை அளப்பவர் நோயாளியின் கையைத் தொட்டாக வேண்டும். நம் முன்னோர் கை பட்ட நீரை மறுத்த நாட்டில், நம் பெண்மக்கள் எல்லாச் சாதியாரின் நாடியையும் பிடித்துப் பார்க்கும் பணிக்குச் சென்றமை சிறிய செய்தியன்று. ஆயினும் பெரும்பாலோர் பணி கிடைத்தவுடன் படிப்பை நிறுத்திவிடுகின்றனர். குடும்பச் சுமை அப்படி, குறை கூறுவதற்கில்லை. 1946ஆம் ஆண்டிலேயே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிற்று. அப்பாதையில் மேலும் செல்லலாம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர் நான்காண்டுப் பட்டமும், பின்னர் இரண்டாண்டு முதுகலையும், அதன்பின் முனைவர் பட்டமும் பெறலாம். ஆண்பிள்ளைகளும் சேரலாம். விவரம் வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் நம்மைச் சந்தியுங்கள். மதிப்பெண் பட்டியலைக் கையோடு கொண்டு வாருங்கள்.