பலகைத் தரையும் முன்யோசனையும்

அகன்ற தேக்குப் பலகைகளால் வீட்டிற்குத் தரை அமைக்க ஒருவர் விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் முதலில் எடுக்க வேண்டியது உளியன்று, எழுதுகோலே.

மரம் வெட்டுண்ட பின்னரும் காற்றின் ஈரத்தை உண்டு பருக்கும், வறட்சியில் இளைக்கும். நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சிறிது, அகலவாட்டிலேயே புலப்படும். நம் கோவையில் மாசி, பங்குனியில் காற்று வறண்டிருக்கும். ஆனி, ஆடியிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று புகும். ஆதலின் இங்குப் பலகைத் தரை ஆண்டுதோறும் அசையும்.

எவ்வளவு அசையும்? சாதாரணமாக அறுத்த தேக்கின் ஈரப்பதம் நூற்றில் ஒரு பங்கு மாறினால், அகலம் ஏறத்தாழ ஆயிரத்தில் இரண்டு பங்கு மாறும். நான்கு பங்கு மாறுவதாகக் கணக்கிடுவோம். 200 மில்லிமீட்டர் பலகை 1.6 மில்லிமீட்டர் சுருங்கும்; 100 மில்லிமீட்டர் பலகை 0.8 சுருங்கும். மூன்று மீட்டர் அறையில் முன்னதற்குப் பதினைந்து பலகைகள், பின்னதற்கு முப்பது. மொத்தச் சுருக்கம் இரண்டிலும் 24 மில்லிமீட்டரே! குறுகிய பலகையில் அது முப்பது மெல்லிய கோடுகளாக மறையும். அகன்ற பலகையிலோ பதினைந்து பிளவுகளாகக் கண்ணை உறுத்தும். அழகுக்குரிய விலை அது.

இதனைக் குறைக்க வழி உண்டா? உண்டு. ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்குமாறு அறுத்தால் அசைவு ஏறத்தாழப் பாதியாகும். வெளிறு நீக்கி, வைரம் பாய்ந்த பகுதியையே கொள்ள வேண்டும். கறையான் விரும்புவது வெளிற்றையே. சிமெண்டுத் தளத்தின் மீது பாலிதீன் தாளை விரித்து, விளிம்புகளை ஒட்டி, மறுநாள் பாருங்கள். அடியில் நீர் முத்துகள் திரண்டிருந்தால் தளம் இன்னும் உலரவில்லை என்பது பொருள். பலகைகளையும் சில வாரங்கள் அவ்வீட்டிலேயே, காற்றோட்டமாக அடுக்கி வைத்தல் நலம். சுவரோரம் இடைவெளி விட்டுச் சுவரடிப் பலகையால் மறைக்க வேண்டும். இன்றேல் மழைக்காலத்தில் பருத்த தரை மேலெழும்பிவிடும்.

மரத்தின் வகைகளை நேரில் காண விரும்புவோர், 1902ஆம் ஆண்டு நம் நகரில் தோன்றிய காஸ் வன அருங்காட்சியகத்துக்குச் செல்க. ஆனைமலையின் டாப்ஸ்லிப் என்னும் இடத்தின் பெயரும் ஒரு வரலாறு கூறும். வெட்டிய தேக்குக் கட்டைகளை அங்கிருந்து மலைச்சரிவில் உருட்டிவிட்டனர். கப்பலுக்கும் இருப்புப்பாதைக்குமாகக் காடு அழிந்தது. அதனை மீண்டும் தழைக்கச் செய்ய உழைத்த வன அதிகாரி ஹியூகோ உட் 1933ஆம் ஆண்டில் மறைந்தார். அக்காட்டிலேயே அவர் உறங்குகிறார்.

ஒரு பலகையை வீணாக அறுக்க ஒரு நிமிடம் போதும். அதனைத் தந்த தேக்கு வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். எனவே, அளந்து எண்ணிய பின்னரே ஈர்வாளைத் தொடுக. எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.